நடுவில் ஓட்டை விழுந்த பேப்பர்

மதியம் இரண்டு மணி வாக்கில் சாப்பாட்டுக் கேரியர் மாமனாரின் கடையிலிருந்து வீட்டுக்குத் திரும்பி வரும். அதே பையில் நாலாக மடித்த அன்றைய பேப்பரும் செருகியிருக்கும். மாமிக்குக் கேரியர் மேல் கண், எனக்குப் பேப்பர் மேல் கண்.

மாமி ஒவ்வொரு அடுக்காகத் திறந்து, மாமா எதை மிச்சம் வைத்திருக்கிறார் என்று ஆராய்வார். "ரசத்தத் தொடவே இல்ல மனுசன். புளிச்சுப் போச்சோ?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொள்வார். அதற்குள் நான் பேப்பரை விரித்து அந்தப் பக்கத்துக்கு வந்திருப்பேன். தாளைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியாக மாமியின் முகம் தெரியும். கண்ணாடி போட்ட முகம், ரசத்தைப் பற்றிய கவலையோடு.

ஆமாம், அந்தப் பக்கத்தில் ஓர் ஓட்டை இருந்தது. ஒரு சாண் நீளம், நாலு விரல் அகலம். தினமும் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நான் படித்ததெல்லாம் ஓட்டை விழுந்த பேப்பர்தான்.

விருதுநகரில் மிளகாய் வத்தல், மல்லி கமிஷன் கடை வைத்திருந்த குடும்பத்தில் நான் வாழ்க்கைப்பட்ட கதையைப் போன வாரம் எழுதியிருந்தேன். என் மாமனார் காலையில் கடை திறந்ததும் செய்கிற முதல் வேலை, பேப்பரில் விலை நிலவரம் வந்திருக்கும் கட்டத்தை பிளேடால் கீறி எடுப்பது. அதன் பின்புறம் மைதாப் பசை தடவி, வாசலில் தொங்கும் பலகையில் ஒட்டிவிடுவார். நேற்றைய விலைக்கு மேல் இன்றைய விலை.

காரியாபட்டிப் பக்கமிருந்து விளைச்சலை மூட்டை கட்டிக் கொண்டுவரும் சம்சாரிகள் அந்தப் பலகையைப் பார்த்த பிறகுதான் பேச்சையே தொடங்குவார்கள். "வாயால சொன்னா நம்ப மாட்டாக. அச்சுல வந்தாத்தான் நம்புவாக" என்பார் மாமா. பேப்பர் என்பது விலை போடுவதற்காக அச்சடிக்கப்படுவது, மற்றதெல்லாம் இடத்தை நிரப்பச் சும்மா போடுவது என்பது அவருடைய முடிவு.

அந்தக் கட்டத்துக்கு நேர் பின்னால் வருவதுதான் மாவட்டச் செய்திகள். சாத்தூர்ப் பக்கம் ஒரு திருடன் ஓடும்போது கிணற்றில் விழுந்துவிட்டான் என்று ஒரு நாள் போட்டிருந்தது. ஊர்க்காரர்கள் கயிறு கட்டி அவனைத் தூக்கினார்கள். மேலே வந்த திருடன் செய்த முதல் காரியம், என்று எழுதியிருந்த இடத்தில் ஓட்டை.

மாமிக்கு நான்தான் பேப்பர் வாசித்துக் காட்டுவது. முடிவு இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. "தூக்கிவிட்டவர் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு ஓடினான்" என்று நானாகவே வாசித்துவிட்டேன். மாமி ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஓட்டைக்கு ஒட்டுப் போட்டுப் போட்டுத்தான் எனக்கு எழுத வந்தது என்று நினைக்கிறேன்.

பெயருக்குப் பின்னால் ஒன்றுமில்லை

நான் பிறந்தது சிவகாசியில். அத்தா, அதாவது என் அப்பா, ஓர் ஆப்செட் அச்சகத்தில் கட்டிங் மிஷின் ஓட்டினார். எங்கள் ஊரில் எல்லார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையிலும் பெயருக்குப் பின்னால் பட்டம் இருக்கும். படித்தவர், படித்துக்கொண்டிருப்பவர், படிக்க நினைத்தவர் எல்லாருக்கும் இருக்கும்.

என் பத்திரிகையில் மட்டும் இல்லை. பி.காம். கடைசித் தேர்வு நடந்த மாதத்தில்தான் என் கல்யாணம். மருதாணிக் கையோடு போய் எழுதினேன். அக்கவுண்ட்ஸும் புள்ளியியலும் போய்விட்டன. அதற்கு முன்பே அத்தா சொல்லிவிட்டார், "பாஸானதுக்கு அப்புறம் போட்டுக்கலாம். அச்சுல பொய் வரக் கூடாது." மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் பி.ஏ. ஜம்மென்று நின்றது. என் பெயர் மொட்டையாக நின்றது.

அந்த இரண்டு பேப்பரையும் எழுதிவிடலாம், எழுதிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே பிள்ளை பிறந்து, அது நடக்க ஆரம்பித்து, பேசவும் ஆரம்பித்துவிட்டது. எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்த மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆபீஸ் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். போய் விசாரித்தேன். "டிகிரி சர்ட்டிபிகேட் கொண்டு வாங்க, உடனே சேர்ந்துக்கலாம்" என்றார் தலைமையாசிரியை. பி.காம். படித்தேன் என்பதற்கும் பி.காம். என்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அன்று வீடு திரும்பும்போதுதான் உறைத்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

பாதிச் செய்தி

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் மதியம் கேரியரோடு வந்த பேப்பரில் அந்தத் தலைப்பைப் பார்த்தேன். "பழைய பாடத்திட்ட மாணவர்களுக்கு இறுதி வாய்ப்பு."

பட்டப்படிப்பில் தேர்ச்சி பெறாமல் விட்டவர்கள், பழைய பாடத்திட்டத்திலேயே மீதித் தாள்களை எழுத இந்த ஒரு முறை மட்டும் அனுமதி. இதற்குப் பிறகு முதலிலிருந்து சேர்ந்து படிக்க வேண்டியதுதான். விண்ணப்பிக்கக் கடைசி நாள், என்பது வரை இருந்தது. அதற்கு மேல் மாமியின் முகம்.

பல்கலைக்கழகத்தின் பெயர்கூடப் பாதிதான் இருந்தது. அது எனக்கா, வேறு யாருக்கோவா என்றே தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் கொள்முதலுக்கு வெளியூர் போயிருந்தார். வர நாலு நாள் ஆகும். பக்கத்து வீட்டில் வேறு பேப்பர். அதில் இந்தச் செய்தியே இல்லை. மாமாவிடம் நான் நேரே பேசுவது குறைவு. எங்கள் வீட்டில் மருமகள் அடுப்படி வாசலில் நின்று சொல்வாள், மாமி அதை முன்னறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பார். இரண்டுக்கும் நடுவே ஒரு சுவர்கூடக் கிடையாது. இருந்தாலும் வழக்கம் வழக்கம்தான்.

அன்று ராத்திரி மாமா சாப்பிட உட்கார்ந்ததும், "இன்னைக்கு வெட்டின துண்டு வேணுமாம்" என்றார் மாமி.

"ஒட்டியாச்சே" என்றார் மாமா.

"அதுக்குப் பின்னாடி ஏதோ இருந்துச்சாம்."

"பின்னாடியா? பின்னாடி பசைல்லா இருக்கும்."

சாப்பிட்டு முடித்துக் கை கழுவப் போனவர் அடுப்படி வாசலில் ஒரு நிமிடம் நின்றார். "படிப்பு சங்கதியாம்மா?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். தலையாட்டினேன்.

மறுநாள் கேரியர் பையில், பேப்பருக்குப் பதிலாக ஒரு காகிதப் பொட்டலம் வந்தது. பலகையிலிருந்து நனைத்து உரித்து அனுப்பியிருந்தார். பிரித்தால் பசையும் எழுத்தும் குழைந்து, முந்தின நாள் உளுந்து விலையும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. கண்ணாடி முன்னால் பிடித்துப் பார்த்தேன். வெயிலில் காயவைத்துப் பார்த்தேன். "நாள்" என்று ஒரு சொல் மட்டும் தெரிந்தது. எந்த நாள் என்பது பசையோடு போய்விட்டது.

மாமாவின் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வியாபார நேரத்தில் பலகை முன்னால் நின்று தண்ணீர் தொட்டுத் தொட்டு அதை உரித்திருப்பாரே என்று நினைத்தபோது பாவமாகத்தான் இருந்தது.

கட்டம் கட்டமாக வந்த செய்தி

பேப்பர்களெல்லாம் கம்ப்யூட்டரிலும் வருகின்றன என்று கேள்விப்பட்டிருந்தேன். பஜாருக்குப் போகிற சந்தில் செல்வி ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரருக்குச் சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் பிடிக்கிற வேலை. வடக்கே இருக்கும் வியாபாரிகளுக்கு விலைப் பட்டியலை மெயிலில் அனுப்பத்தான் முதலில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார்கள். சீசன் முடிந்து அது சும்மா கிடக்கவே, செல்வி அதோடு இன்னும் மூன்றைச் சேர்த்து வாசலில் போர்டு மாட்டிவிட்டாள்.

அந்த மாதிரி இடத்துக்கெல்லாம் பெண்கள் போகலாமா என்று எங்கள் தெருவில் அப்போது பேச்சு இருந்தது. "நான் கூட வர்றேன். யாரு என்ன சொல்லிருவாக, பாப்போம்" என்று மாமி புர்காவை மாட்டிக்கொண்டார். செல்வி போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் தஸ்பீஹ் மணியோடு உட்கார்ந்தார். விரல் மணியை உருட்டியது, கண் பிளைவுட் தடுப்புகளை எல்லாம் சுற்றி வந்தது.

செல்வி பேப்பரின் பக்கத்தைத் திறந்தாள். திரை முழுக்கக் கட்டம் கட்டமாகவும், நடுவே கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளாகவும் வந்து நின்றது.

"ஏம்மா, இது எந்த ஊர்ப் பேப்பரு?" என்றார் மாமி.

"நம்ம பேப்பருதாம்மா. எழுத்து இன்னும் வந்து சேரல" என்றாள் செல்வி.

அந்தக் காலத்தில் ஒவ்வொரு பேப்பருக்கும் ஒரு தனி எழுத்துரு. அதை முதலில் இறக்கிக்கொண்டால்தான் தமிழ் தெரியும். ஒரு நீலக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. நகர்ந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். கரண்ட் போய்விடக் கூடாதே என்று நான் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமி வாய்விட்டே ஓத ஆரம்பித்துவிட்டார்.

செல்வி ஒரு பொத்தானை அழுத்தினாள். கட்டங்கள் எல்லாம் ஒரே நொடியில் தமிழாகிவிட்டன. முந்தின நாள் தேதியைத் தட்டி, மாவட்டச் செய்திகளுக்குப் போய், அந்தத் தலைப்பைப் பிடித்தோம். கடைசி வரி வரைக்கும் இருந்தது.

"இதுக்குப் பின்பக்கம் எங்கன இருக்கு?" என்று மாமி எட்டிப் பார்த்தார்.

"இதுல பின்பக்கமே கெடையாதும்மா. எல்லாமே முன்பக்கந்தான்."

என் பல்கலைக்கழகம்தான். விண்ணப்பத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டிய கடைசி நாள், மறுநாள். செல்வி அங்கேயே விண்ணப்பத்தை அச்செடுத்துக் கொடுத்தாள். அவள் பேனாவிலேயே நிரப்பினேன். அவசரத்தில் பிறந்த ஊரை ஒரு தரம் அடித்து எழுத வேண்டியிருந்தது.

சாயங்காலம் மக்ரிப் தொழுதுவிட்டு மாமா வந்ததும், மாமி வழக்கம் போல நடுவில் நின்று சொன்னார். "நாளைக்கே மதுரையில கொண்டு போய்க் கொடுக்கணுமாம். அவன் ஊர்ல இல்ல. சின்னப்புள்ளைய வச்சுக்கிட்டு இவ எங்கன போவா?"

"ஏன், நான் போய்க் கொடுத்தா வாங்க மாட்டாகளா?" என்றார் மாமா.

மறுநாள் வத்தல் வரத்து அதிகமாக இருக்கிற நாள். அப்படி ஒரு நாளில் அவர் கடையில் இல்லாமல் இருந்ததே கிடையாது. தராசைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் போனார்.

சாயங்காலம் வந்து ரசீதை மாமியிடம் கொடுக்காமல் நேரே என் கையில் கொடுத்தார். "அங்கன வரிசையில நின்னது அம்புட்டும் உன்ன மாதிரிப் புள்ளைகதாம்மா. கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு நிக்கிறாக. பாதிப் பேரு, நேத்துத்தான் தெரியும்ங்கிறாக." செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "நான் வெட்டின துண்டுக்குப் பின்னாடி இம்புட்டா கெடந்துச்சு?"

அதற்குப் பிறகும் அவர் விலையை வெட்டத்தான் செய்தார். சம்சாரிகளை விட முடியாதே. ஆனால் வெட்டுவதற்கு முன்னால் பின்பக்கத்தைப் படித்து, ராத்திரி சாப்பாட்டின்போது ஒப்பிக்க ஆரம்பித்தார். அதுவும் மாமா பாணியில். "சூலக்கரையில எவரோ வந்து எதையோ தொறந்து வச்சாரு. வேற ஒண்ணுமில்ல."

ஒரு ரிங்

இங்கே கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு எங்கள் சிவகாசிப் பக்கத்துச் செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும்.

நான் சிறுமியாக இருந்தபோது, எங்கேயாவது பெரிய சத்தம் கேட்டால் தெருவே மாடியேறிவிடும். புகை எந்தத் திசை என்று பார்ப்பார்கள். அந்தத் திசையில் வேலைக்குப் போனவர்களின் வீட்டார் ரோட்டுக்கு ஓடுவார்கள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மாலைப் பேப்பரின் போஸ்டரில் ஊர்ப் பெயர் வரும். ஆட்களின் பெயர் மறுநாள் காலையில்தான். அந்த ஓர் இரவைக் கழிப்பதற்கு எங்கள் ஊரில் எத்தனை பேர் என்னென்ன வேண்டிக்கொண்டார்களோ.

பிறகு செல்போன் வந்தது. பட்டாசு ஆலைக்குள் போனை எடுத்துப் போக முடியாது, வாசலிலேயே கொடுத்துவிட வேண்டும். ஆனால் பக்கத்தில் எங்கே சத்தம் கேட்டாலும், வெளியே ஓடி வந்த கையோடு வீட்டுக்கு ஒரு ரிங் விட்டு வைத்துவிடுவார்கள். அத்தா வீட்டுக்குப் பக்கத்து வீட்டு அக்கா அச்சங்குளத்தில் ஒரு பட்டாசு ஆலையில் வேலை பார்த்தார். ஒரு தரம் சத்தம் கேட்டு அவருடைய அம்மா பதறி நின்றபோது, போன் ஒரே ஒரு ரிங் அடித்து நின்றது. அந்த அம்மாள் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

காசே ஆகாத, ஒரு சொல்கூட இல்லாத செய்தி. எந்தப் பேப்பரும் அத்தனை சீக்கிரமாக ஒரு தாய்க்கு அதைச் சொன்னதில்லை. இந்தச் சின்னப் பெட்டிகளை யாராவது ஒரேயடியாகத் திட்டினால் நான் சண்டைக்குப் போவதற்கு அதுதான் காரணம்.

முழுப் பேப்பர்

தேர்வை எழுதினேன். என் வீட்டுக்காரர் மதுரையில் தேர்வு மையத்துக்கு வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு நின்றார். முடிவு வர மாதக்கணக்கானது.

அதற்குள் கடையில் ஒரு மாற்றம் நடந்துவிட்டது. வெளியூர் புரோக்கர்கள் காலையில் விலையை எஸ்.எம்.எஸ்ஸில் அனுப்ப ஆரம்பித்தார்கள். மாமாவும் ஒரு செல்போன் வாங்கினார். சம்சாரிகள் சட்டைப் பையிலும் போன் வந்துவிட்டது. "இந்தா, எனக்கும் வந்துருச்சுல்லா" என்று அவர்களே எடுத்துக் காட்டினார்கள். அச்சில் வந்தால்தான் நம்புவேன் என்றவர்களைத்தான் சொல்கிறேன்.

ஒரு நாள் மதியம் பேப்பரை விரித்தேன். அந்தப் பக்கம் முழுதாக இருந்தது. மாமியின் முகம் தெரியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, முதல் இரண்டு நாள் என்னவோ மாதிரி இருந்தது.

வெட்டுகிற வேலை இல்லாமல் போனதும் மாமா முழுப் பேப்பரையும் படிக்கத் தொடங்கிவிட்டார். "இம்புட்டு விசயம் போடுறானா இதுல? எனக்கு யாரும் சொல்லவே இல்ல" என்று குறைபட்டுக்கொண்டார். அதனால் கேரியர் வர மூன்று மணி ஆனது. அந்த ஒரு மணி நேரத்தை இழந்தது நானும் மாமியும்தான்.

இப்போது எங்கள் வீட்டில் ஆளுக்கொரு போன். ஒருவருக்கு வரும் செய்தி மற்றவருக்கு வருவதில்லை. அவரவருக்குப் பிடித்ததை அந்தப் போனே வெட்டி எடுத்துக் கொடுத்துவிடுகிறது. மாமா வெட்டினால் ஓட்டையாவது தெரிந்தது, இதில் ஓட்டையே தெரிவதில்லை என்று என் மகளிடம் சொல்வேன். "ஓட்டை இருக்குன்னு தெரியுதுல்ல, அப்ப நீங்க தேடிப் படிங்க" என்பாள். அவள் சொல்வதும் சரிதான். தேடினால் கிடைக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

கடைக்கு ஒரு போன்

தேர்வு முடிவு வந்த நாள் காலை பதினொரு மணி இருக்கும். பதிவெண்ணை எஸ்.எம்.எஸ் அனுப்பினால் மார்க் வரும் என்று அறிவித்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தன் பழைய போனை வீட்டில் விட்டிருந்தார். அடுப்பை அணைத்துவிட்டு, ஒவ்வொரு எண்ணாக அழுத்தி அனுப்பினேன். மாமி வெங்காயம் உரிப்பதை நிறுத்திவிட்டுக் கத்தியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

போன் கீச்சென்றது. அக்கவுண்ட்ஸ் பாஸ். புள்ளியியல் பாஸ். நான் ஒரு முறை படித்தேன், நம்பிக்கை வராமல் திரும்பப் படித்தேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. மாமி கண்ணிலும் வந்தது. அவர் வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டார்.

"கடைக்குச் சொல்லு" என்றார்.

"நீங்க சொல்லுங்க மாமி."

"உன் சேதிய நான் எதுக்குச் சொல்லணும்? நீயே சொல்லு."

அதுவரை நான் கடைக்குப் போன் செய்ததே இல்லை. எடுத்ததும் மாமா, "அலோ, வத்தலா மல்லியா?" என்றார்.

"மாமா, நான் மெஹரு பேசுறேன்."

"என்னம்மா? வீட்டுல யாருக்கும் ஒண்ணுமில்லயே?"

"இல்ல மாமா. ரிசல்ட் வந்துருச்சு. ரெண்டு பேப்பரும் பாஸ்."

போனில் ஏதோ அழுத்துகிற சத்தம் கேட்டது. உடனே கடை முழுக்க என் காதுக்குள் வந்துவிட்டது. லோடு இறக்குகிறவர்களின் குரல், யாரோ விலை படியாமல் மல்லுக்கு நிற்பது, தராசுச் சங்கிலி. நான் ஒரு நாளும் போயிராத அந்தக் கடை. மாமா போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

"ஏலே, கொஞ்சம் சும்மா இருங்கலே!" என்று அவர் அதட்டுவது கேட்டது. இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. விலை பேசிக்கொண்டிருந்தவரும் நிறுத்திவிட்டார்.

"இப்பச் சொல்லும்மா. நல்லாச் சத்தமாச் சொல்லு. இங்கன ஒருத்தருக்குக் காது கேக்காது."

அந்தக் கடையில் காது கேட்காதவர் யாரும் கிடையாது. நான் மறுபடியும் சொன்னேன், எங்கள் தெருவுக்கே கேட்கும்படி.